வாசகர் கேள்வி – பதில்: பிரிட்ஜுக்குள் பிலிம் றோல்

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஐஎஸ்ஓ 200 கலர் பிலிம் 20 றோல் கொண்டுவந்து தந்தார். எடுத்து முடிக்க இரண்டு வருடமாவது செல்லும். அலுமாரியில் வைத்தால் போதுமா?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: அலுமாரி வேண்டவே வேண்டாம். எடுக்காத பிலிமிலுள்ள வெள்ளி உப்பும் நிறக் கூறுகளும் சூட்டில் மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். கழுவியதும் அது படம் முழுக்க மூட்டமாகத் தெரியும். நிறமும் ஒரு பக்கம் இழுக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லத் தேவையில்லை. பூச்சி உருண்டையின் ஆவியும், புதுப் பலகை அலுமாரியின் பசையிலிருந்து வரும் போர்மல்டிஹைட்டும் பிலிமுக்கு ஆகாதவை.

ஆறு மாதத்துக்குள் எடுக்கப்போகும் றோல்களைப் பிரிட்ஜின் கீழ்ப்பகுதியிலும், மிச்சத்தைப் பிரீசரில் −18 பாகையிலும் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பியைத் திறக்காதீர்கள். தொழிற்சாலையில் உலர்ந்த காற்றோடு மூடியது அது. ஒருமுறை திறந்தால் நம் கடற்கரைக் காற்றுத்தான் உள்ளே போகும். ஐந்து ஐந்தாகச் சிப்லொக் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, பைகளை இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குங்கள். ஒரு பையை எடுக்கும்போது மற்றப் பதினைந்து றோலும் குளிரிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பிரிப்பு. காலாவதித் திகதியைப் பையின் மேல் எழுதிவிடுங்கள்.

பைக்குள் சிலிக்கா ஜெல் போடலாம். அரிசி போடாதீர்கள், நம் ஊரில் திறந்து கிடந்த அரிசி தானே ஈரத்தைச் சுமந்திருக்கும், தூசும் விடும்.

இரண்டு விலக்குகள். உடனடிப் படம் தரும் இன்ஸ்டக்ஸ், போலராய்ட் வகைகளைப் பிரீசரில் வைக்கக் கூடாது. உள்ளேயிருக்கும் இரசாயனப் பசை உறைந்து கெடும். ஐஎஸ்ஓ 3200 போன்ற, குறைந்த வெளிச்சத்திலும் படம் பதியும் வேகப் பிலிமைச் சேமித்து வைக்காமல் விரைவில் எடுத்துவிடுங்கள். விண்ணிலிருந்தும் நிலத்திலிருந்தும் வரும் இயற்கைக் கதிர்வீச்சு அதில் மூட்டம் ஏற்றும். அதைக் குளிர் தடுக்காது.

கேள்வி: பிரிட்ஜிலிருந்து எடுத்து உடனே கமராவில் போட்ட றோலில் சொட்டுச் சொட்டாகப் புள்ளிகள். பிலிம் பழுதா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: பிலிமில் பிழையில்லை, அவசரத்தில்தான் பிழை. 30 பாகைச் சூடும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 26 பாகைக்குக் கீழ் குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். நீங்கள் எடுத்த றோல் 4 பாகையில் இருந்திருக்கும். டப்பியைத் திறந்ததும் பிலிமின் ஜெலற்றின் மேல் நுண்துளிகள் படிந்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்த அடையாளமே அந்தப் புள்ளிகள்.

பிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம், பிரீசரிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்று கம்பனிக் குறிப்புகளில் இருக்கும். அது 21 பாகை அறைக்கான கணக்கு. இங்கே பிரிட்ஜ் றோலுக்கு மூன்று மணி நேரம் விடுங்கள். பிரீசர் றோலை முதல்நாள் இரவே எடுத்து வையுங்கள். முக்கியமானது, சூடேறும்வரை பையையோ டப்பியையோ திறக்காமலிருப்பது. வெளியே நீர் படிந்தால் துடைத்துவிடலாம். நல்ல குளிரான ஏசி அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும் கமராவுக்கும் இதே கதிதான். அதையும் பையால் மூடிக்கொண்டு போங்கள்.

கேள்வி: மூடிய ஸ்டூடியோ ஒன்றின் தட்டிலிருந்து 1990களின் ‘120’ அளவுக் கறுப்பு வெள்ளைப் பிலிம் கிடைத்தது. ஐஎஸ்ஓ 125. பயன்படுமா?
- வாசகர், கல்முனை

பதில்: படம் வரும், ஆனால் திருமண வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். 120 பிலிமோடு சுற்றியிருக்கும் பின்தாள் ஈரத்தை உறிஞ்சி, தன் எண்களையும் புள்ளிகளையும் படத்தில் பதித்துவிடும். வெள்ளித்தாள் உறை ஓட்டையில்லாமல் இருந்தால் நம்பிக்கை உண்டு.

ஒரு றோலைச் சோதனைக்கு ஒதுக்குங்கள். ஒரே காட்சியை, ஐஎஸ்ஓ அளவை 125, 64, 32, 16 என அமைத்து நான்கு படம் எடுத்து, வழமையான நேரத்துக்கே கழுவுங்கள். நேரத்தைக் கூட்டினால் மூட்டமும் கூடும். டெவலப்பராக (பிலிம் கழுவும் இரசாயனமாக) எச்.சி-110 (HC-110) நல்லது, மூட்டத்தை அடக்கும். நிழலில் விவரம் தெரியும் முதல் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கலர் நெகட்டிவ் என்றால் காலாவதியாகிப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டொப் (அதாவது இரு மடங்கு) கூடுதல் வெளிச்சம் என்பது பொது வழக்கம். கோடக்குரோம் என்ற பழைய கோடக் ஸ்லைட் பிலிம் ஏதாவது அகப்பட்டால் அதைக் குளிரில் காப்பதில் பயனில்லை. அதைக் கலர்ப் படமாகக் கழுவும் வேலை 2010 இறுதியோடு நின்றுவிட்டது.

கேள்வி: மாரியில் இரண்டு நாள் கரண்ட் போனால் பிரீசர் பிலிம் என்னாகும்?
- வாசகர், வாழைச்சேனை

பதில்: மீனைப்போல் பயப்படத் தேவையில்லை. பிலிமில் நீர் மிகக் குறைவு; பை இறுக்கமாக இருந்தால் மறுபடி உறைவதால் கெடாது. கதவைத் திறக்காமலிருங்கள். நிரம்பிய பிரீசர் ஏறக்குறைய 48 மணி நேரம் குளிரை வைத்திருக்கும், பாதி நிரம்பியது 24 மணி நேரந்தான். ஐப்பசி பிறந்ததும் வெற்றிடத்தில் தண்ணீர்ப் போத்தல்களை முக்கால் அளவு நிரப்பி வைத்துவிடுங்கள்.