தொட்டில் நின்றால் விழிக்கிற பிள்ளை

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். மகளுக்கு 14 மாதம். இரவு 11 மணியானாலும் தூங்கமாட்டாள். சேலைத் தொட்டிலில் போட்டு நானோ அம்மாயியோ ஆட்டினால்தான் கண்ணை மூடுவாள். இறக்கிப் பாயில் போட்டால் கொஞ்ச நேரத்தில் எழும்பி அழுவாள். விடியும்வரை மூன்று, நான்கு தடவை இதே கதைதான். காலையில் நான் கொழுந்துக்குப் போகவேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா ஆயம்மாவிடம் ஒன்று விசாரியுங்கள். பகல் தூக்கம் முடிந்து மகள் எத்தனை மணிக்கு எழும்புகிறாள்? பின்னேரம் 4 மணிவரை தூங்கிய பிள்ளைக்கு 8 மணிக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? இந்த வயதில் பகல், இரவு இரண்டும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மகள் இரவில் விட்டதைப் பகலில் பிடிக்கிறாள். பகலில் பிடித்ததால் இரவில் விழித்திருக்கிறாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் படுக்கவைத்து, இரண்டரை மணி போல எழுப்பிவிடச் சொல்லுங்கள். முதல் சில நாள் அந்தியில் சிணுங்குவாள், பரவாயில்லை. இரவுத் தூக்கத்தையும் இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை கால் மணித்தியாலம் முன்னே இழுங்கள்.

அடுத்தது தொட்டில். இரவில் இடையிடையே விழிப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. ஏறக்குறைய மணிக்கொருமுறை தூக்கம் லேசாகும். பிறகு தானாக ஆழ்ந்துவிடும். ஹட்டன் பஸ்ஸில் தூங்கி வருகிறவர் பஸ் நின்றதும் திடுக்கிட்டு விழிப்பாரே, மகளுக்கும் அதேதான். ஆடிக்கொண்டு தூங்கினாள், விழித்துப் பார்த்தால் ஆட்டத்தைக் காணோம்.

அதனால் கண் சொருகும்வரை மட்டும் ஆட்டுங்கள். முழுத் தூக்கம் வருமுன் பாயில் கிடத்தி, பக்கத்தில் படுத்து முதுகில் தட்டிக்கொடுங்கள். சில நாள் போனதும் தட்டுவதை மெதுவாக்குங்கள், அப்புறம் கையை மட்டும் வைத்திருங்கள். இரவில் விழித்தாலும் தொட்டிலுக்குத் தூக்காமல் இதையே செய்யுங்கள். இரண்டு வாரம் பிடிக்கலாம். தனியாகப் போட்டு அழவிட்டுப் பழக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு இருக்கிற லயத்தில் அது நடக்கிற காரியமில்லை. மூன்றாம் நாள் அம்மாயியே சேலையைத் திரும்பக் கட்டிவிடுவார்.

ஒரே காம்பராவில் டீவி ஓடினால் இதெல்லாம் வீண். நாடகம் முடியட்டும் என்று காத்திருக்காமல் ஏழரைக்கே அணைத்துவிடுங்கள். வெந்நீரில் முகம், கை, கால் துடைத்து, உடுப்பு மாற்றி, பால் கொடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து, தினமும் ஒரே தாலாட்டு. வரிசை மாறாமல் இருந்தால் அடுத்தது தூக்கம் என்று அவளுக்கே புரியும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். அந்தியில் ரொட்டி தொட்டுச் சாப்பிடத் தேத்தண்ணி கொடுக்கிறீர்களா? நம் கையால் பறித்த கொழுந்துதான், ஆனாலும் பிள்ளைக்கு வேண்டாம். அதிலுள்ள கஃபீன் தூக்கத்தைக் கலைக்கும். சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் தேயிலை விடாது. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகள் சிலர் இரவெல்லாம் புரண்டு புரண்டு படுப்பார்கள்.

குளிருக்குப் பயந்து மூட்டை கட்டுவதிலும் கவனம் தேவை. கை சில்லென்றிருப்பதைப் பார்த்து இன்னொரு கம்பளியைப் போடாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றவேண்டும். தூங்கும்போது தொப்பி வேண்டாம். கதவு, ஜன்னலைச் சாத்திய காம்பராவில் கரி நெருப்பு வைத்துத் தூங்கவே கூடாது. அதிலிருந்து வரும் புகையில்லாத நச்சு வாயு ஆளையே கொன்றுவிடும்.

குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தாலோ போனில் வீடியோ எடுத்துக்கொண்டு கிளினிக் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி சனிக்கிழமை இரவே தொடங்கிவிடுங்கள். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு இல்லையே.