“போலீசுக்குப் போகாதே” என்று மகளிடம் சொல்லி வைக்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் முதுகலை படிக்கிறாள். போன வாரம் நெட்ஃபிளிக்ஸில் ‘விக்டிம் / சஸ்பெக்ட்’ என்ற ஆவணப்படம் பார்த்தேன். பாலியல் வன்முறை நடந்தது என்று புகார் கொடுக்கப் போன பெண்களையே பொய்ப் புகார் வழக்கில் கைது செய்கிறார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. “எது நடந்தாலும் போலீஸ் பக்கம் போகாதே, அடுத்த விமானத்தில் ஊருக்கு வந்துவிடு” என்று அவளிடம் சொல்லி வைக்க நினைக்கிறேன். நடக்காததைப் பேசி ஏன் பயமுறுத்துகிறாய் என்கிறார் கணவர். சொல்வதா, வேண்டாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பேசுங்கள். ஆனால் அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். உங்களிடம் சொன்னால் படிப்பு நின்றுவிடும் என்று தெரிந்த பெண், எது நடந்தாலும் உங்களிடம் வாய் திறக்க மாட்டாள்.

2023இல் வந்த அந்தப் படம் உங்களை உலுக்கியதில் வியப்பில்லை. விசாரணையில் காவலர்கள் பொய் சொல்வதை அமெரிக்கச் சட்டம் பெரும்பாலும் அனுமதிக்கிறது. அப்படிப் பெறப்பட்ட ஒரு வாக்குமூலத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969இலேயே ஏற்றுக்கொண்டது. குற்றவாளியை மடக்குவதற்கான அந்த உத்தியைப் புகார் கொடுக்க வந்தவள் மீதே திருப்புகிறார்கள். “கேமரா பதிவைப் பார்த்துவிட்டோம், நீ சொல்வதுபோல் எதுவும் நடக்கவில்லை” என்பார்கள்; அப்படியொரு பதிவே இருக்காது. இரவெல்லாம் விழித்து, அதிர்ச்சியில் இருப்பவள் தன் நினைவையே சந்தேகித்து, “ஒருவேளை நான்தான் தவறாகச் சொல்லிவிட்டேனோ” என்று ஒரு வார்த்தை விட்டால் போதும். அன்று முதல் அவள்தான் குற்றவாளி.

இன்னொரு வழக்கையும் சொல்கிறேன். 2008இல் வாஷிங்டன் மாநிலத்தின் லின்வுட் நகரில் 18 வயதுப் பெண் ஒருத்தி, தன் வீட்டுக்குள் புகுந்தவன் கத்தி முனையில் வன்புணர்ந்ததாகப் புகார் செய்தாள். போலீஸார் நெருக்கியதில் புகாரைத் திரும்பப் பெற்றாள். பொய்ப் புகார் வழக்குப் போட்டு, 500 டாலரும் கட்ட வைத்தார்கள். 2011இல் கொலராடோவில் ஒரு தொடர் குற்றவாளி பிடிபட்டபோது, அவன் எடுத்து வைத்திருந்த படங்களில் இவளும் இருந்தாள். 500 டாலரைத் திருப்பிக் கொடுத்த நகர நிர்வாகம், பிறகு 1,50,000 டாலர் இழப்பீடும் தந்தது. அந்தப் பெண் மீது சந்தேகம் எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? முன்பு அவளைத் தன் வீட்டில் வைத்து வளர்த்த பெண்மணி, இவள் நடந்துகொள்ளும் விதம் சரியாக இல்லையே என்று காவல்துறையிடம் சொன்னதுதான் பெரிய காரணம். அம்மாக்களாகிய நமக்காகவே இதை எழுதுகிறேன்.

இனி, மகளுக்குச் சொல்ல வேண்டியது. முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை. காவல் நிலையத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தடயப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது. போலீஸில் புகார் கொடுத்தால்தான் செய்வோம் என்று சொல்லவும் முடியாது. இது அங்கே கூட்டாட்சிச் சட்டம். எவ்வளவு சீக்கிரம் போகிறாளோ அவ்வளவு நல்லது. பல இடங்களில் ஐந்து நாள் வரை தடயம் எடுப்பார்கள். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை மட்டும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். தடயத்தைக் கொடுத்துவிட்டு, புகார் செய்வதா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம்.

800-656-4673 என்ற தேசிய உதவி எண் எந்நேரமும் எடுக்கப்படும், கட்டணமில்லை. பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் அருகில் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். போலீஸிடம் போவதென்று முடிவு செய்தால் அப்படி ஒருவரோடு போகட்டும், முடிந்தால் வழக்கறிஞரோடும். கேள்விகள் அவள் மீதே திரும்புவதாகத் தோன்றினால், “வழக்கறிஞர் இல்லாமல் மேற்கொண்டு பேச மாட்டேன்” என்று சொல்லி நிறுத்த அவளுக்கு உரிமை உண்டு. பிரியமான பேராசிரியரிடம் மனம்விட்டுச் சொல்வதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் அதை நிர்வாகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள் மனநல ஆலோசனை மையத்தில் இருப்பவர்களைப் போன்ற சிலர்தான்.

விசா பயம் உங்களுக்கும் இருக்கும். குற்றத்துக்கு ஆளானதாகப் புகார் செய்வதால் மாணவர் விசா போய்விடாது. அனுமதி பெறாமல் வகுப்பை விட்டு நின்றால்தான் சிக்கல். மருத்துவரின் கடிதத்தோடு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை அணுகினால், பாடச்சுமையைக் குறைத்துக்கொள்ள முறைப்படி வழி இருக்கிறது. அவளை அடுத்த விமானத்தில் ஏற்றுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

கடைசியாக, உங்களுக்கு. அப்படியொரு அழைப்பு வந்தால் “அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய், குடித்திருந்தாயா” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். விசாரணை அறையில் கேட்கப்படும் கேள்விகளும் இவைதான். அவள் அழாமல் பேசலாம், சொன்னதை மாற்றிச் சொல்லலாம், சிரிக்கக்கூடச் செய்யலாம். அதிர்ச்சி அப்படித்தான் இருக்கும். “நான் நம்புகிறேன். இப்போது பத்திரமாக இருக்கிறாயா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?” இந்த மூன்றும் போதும்; மற்றதை அவளாகச் சொல்லும்போது கேளுங்கள்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: பயமுறுத்தாமலும் பேச முடியும். அடுத்த முறை மகள் அழைக்கும்போது இருவரும் உட்காருங்கள். நீங்கள் பார்த்த படத்தைப் பற்றிச் சொல்லி, “உன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறதாமே, அது எங்கே?” என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால், அழைப்பை வைப்பதற்குள் அவளையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.