வேலையை விடும் நாளை எம்.ஏ.வுக்கு எடுத்து வையுங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. பிளஸ் டூவுக்குப் பிறகு மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். புதுவை மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. நாலேகால் வருஷம் ஆகிறது. பிடித்தம் போக 19,500 ரூபாய் வருகிறது. பெரிய குறை எதுவும் இல்லை, ஆனால் மனசு ஒட்டவே இல்லை. சின்ன வயதில் மழை விட்டதும் பழைய துறைமுகம் இருந்த அரிக்கமேட்டுப் பக்கம் போய்ப் பாசிமணி பொறுக்குவோம். அந்த மண்ணைப் பற்றிப் படிக்கும் ஆசை இன்னும் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு பி.ஏ. வரலாறு சேரலாமா? அப்பா இல்லை. அம்மா தையல் வேலை செய்கிறார். தங்கை கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நகைக்கடன் ஒரு லட்சம் இருக்கிறது. "கையில இருக்கிற வேலைய விட்டுட்டு மண்ணு தோண்டப் போறியா?" என்று அம்மா கேட்கிறார்.
(பெயர் வேண்டாம், அரியாங்குப்பம்)

பதில்: அன்புத் தம்பி, உங்கள் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கம் கம்பெனி செக்லிஸ்ட்: பேரிங், பெல்ட், ஆயில் லெவல். அதன் ஓரத்தில் பேனாவால் ஒரு மணி வரைந்திருக்கிறீர்கள். அளவு தெரிய பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு. கீழே, ‘செங்கல் நிறக் கண்ணாடி, துளை நடுவில் இல்லை, ஓரமாக’ என்று குறிப்பு.

வேலை பிடிக்கவில்லை என்று எனக்கு எழுதுகிறவர்கள் நிறைய. மூன்று பக்கம் மேனேஜரைப் பற்றி இருக்கும். கடைசி வரியில் ‘ஏதாவது டிகிரி படிக்கலாம்னு இருக்கேன்’ என்று முடியும். அவர்களை முதலில் வேறு கம்பெனி பார்க்கச் சொல்வேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. படியுங்கள். வரலாறே படியுங்கள்.

ஆனால் வேலையை இப்போது விட வேண்டாம்.

ஆசையைத் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கும் வாய்ப்பு உங்கள் வீட்டு நிலைமையில் ஒருமுறைதான் கிடைக்கும். அதை பி.ஏ.வில் செலவழித்துவிட்டால் எம்.ஏ.வுக்கு என்ன செய்வீர்கள்? தொல்லியல் பக்கம் போக பி.ஏ. மட்டும் போதாது. இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் இரண்டு வருட முதுநிலைப் பட்டயப் படிப்புக்கு முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். இடங்களும் மிகக் குறைவு. ஆக, உங்களுடையது மூன்று வருடக் கணக்கு இல்லை, குறைந்தது ஐந்து. வழிகாட்டும் ஆசிரியரும் நூலகமும் கூடப் படிக்கும் நண்பர்களும் அவசியமாகத் தேவைப்படுவது அதில் கடைசி இரண்டு வருடம்தான்.

பி.ஏ. வரலாற்றுக்கு லேப் கிடையாது. வேலையில் இருந்துகொண்டே இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். ஜனவரி, ஜூலை என வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். ஷிஃப்ட் மாறி ஒரு பேப்பர் தவறினால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். யு.ஜி.சி. அனுமதியுள்ள தொலைநிலைப் பட்டம் எம்.ஏ. சேரச் செல்லும். வேறு எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும் பணம் கட்டும் முன், அந்தப் பாடத்துக்கு அந்த வருடம் அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி. பட்டியலில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பிக் கட்டாதீர்கள்.

நான் கடலூரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியவள். புத்தகக் கட்டு தபாலில் வந்த அன்று, கடையில் புளி மூட்டைமேல் வைத்துப் பிரித்தேன். முதல் புத்தகத்தில் கடைசிவரை புளி வாசம் போகவில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து ராத்திரி ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். அந்தக் கஷ்டம் தெரிந்துதான் சொல்கிறேன். நைட் ஷிஃப்ட் வாரத்தில் படிக்கவே முயற்சி செய்யாதீர்கள், தூங்குங்கள். பகல் ஷிஃப்ட் வாரங்களில் காலை ஒரு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமை ரோமன் ரோலண்ட் நூலகத்தில் அரை நாளும் கிடைத்தால் போதும்.

சேருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்யலாம். இக்னோவின் பாடங்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பண்டைய இந்திய வரலாற்றுப் பாடம் ஒன்றை எடுத்து இரண்டு மாதம் படியுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், முதல் இருபது பக்கம் இழுக்கும். அகராதியை வைத்துக்கொண்டு தள்ளுங்கள். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர எழுத வேண்டிய நுழைவுத் தேர்வு தமிழில் இல்லை. ஆங்கிலத்தை இப்போதே பழகினால் அன்று கை நடுங்காது.

இனி பணம். அம்மாவிடம் ஆசையைச் சொன்னால் பயம்தான் கூடும், கணக்கைக் காட்டுங்கள். ஐந்து வருடம் முடிக்காமல் நீங்களாக விலகினால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது. நாலேகால் வருடத்தில் எழுந்து வந்தால் அது அத்தனையும் போகும். உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் பணிக்கொடை வருடத்துக்கு 7,500. பி.ஏ. முடிக்கும்போது ஏழு வருடம் தாண்டியிருக்கும்: 52,500 ரூபாய். முதல் வருடம் வயிற்றைக் கட்டி நகையை மீட்டுவிடுங்கள். அடுத்த 24 மாதம் ஐயாயிரம் ஐயாயிரமாகப் போட்டால் 1,20,000. இரண்டும் சேர்ந்து 1,72,500. எம்.ஏ. படிக்கும் இரண்டு வருடமும் வீட்டுக்கு மாதம் ஏழாயிரம் கொடுக்க அது வரும். தாராளம் இல்லைதான். ஆனால் அதற்குள் தங்கை படிப்பை முடித்திருப்பாள், அம்மா மறுபடி நகையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்காது.

படித்து முடித்ததும் வேலை காத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தொல்லியல் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது. நெட் தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முயற்சி செய்யலாம், பி.எட். முடித்துப் பள்ளிக்குப் போகலாம். அப்படி ஆனாலும் சம்மதமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் டிப்ளமோ வீணாகிவிடும் என்று மட்டும் கலங்க வேண்டாம். அகழாய்வுக் குழியின் சுவரில் தெரியும் மண் அடுக்குகளை அளவு மாறாமல் வரைய வேண்டும். மெக்கானிக்கலில் போலவே அதற்கும் செக்‌ஷன் டிராயிங் என்றுதான் பெயர். உங்கள் கை அதில் ஏற்கெனவே பழகியது.

1937-ல் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த கற்களை துப்ரே என்ற பிரெஞ்சு அறிஞர் விலைக்கு வாங்கினார். அதற்குப் பிறகுதான் 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே குழி வெட்டினார், தொடர்ந்து கசால் என்ற அறிஞர் வந்தார், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தோண்டினார். ரோமாபுரியோடு நடந்த வாணிபத்தின் சான்றுகள் அந்த ஆற்றங்கரை மண்ணிலிருந்து வெளியே வந்தன. புதுவை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருட்கள் இருக்கின்றன. ஒருநாள் அம்மாவை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். ‘மண்ணு தோண்டுறது’ என்று எதைச் சொல்கிறோம் என அவரும் பார்க்கட்டும்.

கடைசியாக, நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் மணிகள். அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம், இனி அங்கிருந்து எதையும் எடுக்காதீர்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மணியையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, எந்த வருடம், ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், எந்த மரத்தடி, நினைவிருப்பதையெல்லாம் மேலே எழுதுங்கள். நினைவில்லாததற்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.