புத்தகப் பிரியனுக்குப் பசிக்காதா?

கேள்வி: கணவர் லாரி ஓட்டுகிறார், நான் பகுதிநேரத் துப்புரவு வேலை. தொடக்கநிலை நான்கு படிக்கும் மகனுக்குப் பள்ளியில் நிதியுதவிப் படிவம் கொடுத்து இரண்டு மாதமாகிறது. “நம் குடும்பத்தில் யாரும் கை நீட்டியதில்லை” என்று கணவர் கையெழுத்துப் போடவில்லை. படிவத்தைப் பார்த்தால் எனக்கும் தலை சுற்றுகிறது. பையன் சமர்த்து. ரிசஸிலும் லைப்ரரியில்தான் இருப்பானாம். கொடுக்கும் ஒரு வெள்ளியையும் (டாலர்) திருப்பித் தந்துவிடுவான். கணவருக்குத் தெரியாமல் விண்ணப்பிக்கலாமா?
- ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: முடியாது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், அவர் சம்பளச் சீட்டும் வேண்டும்.

அது கிடக்கட்டும். ரிசஸில் லைப்ரரி என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே அம்மா, மற்ற பிள்ளைகள் கேன்டீனில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது பத்து வயதுப் பையனுக்கு அலமாரி நடுவில் என்ன வேலை? அந்த ஒரு வெள்ளி ஏன் செலவாகாமல் திரும்பி வருகிறது? ஒரு நாளாவது கேட்டீர்களா? ராத்திரி நீங்கள் இருவரும் பணத்தைப் பற்றிக் குசுகுசுவென்று பேசுவது அவன் காதில் விழாமலா இருக்கும்? வீட்டுக் கஷ்டத்தை வயிற்றில் வாங்கிக்கொண்டிருக்கிறான். நீங்கள் அதற்குச் சமர்த்து என்று பேர் வைத்திருக்கிறீர்கள். நான் நினைப்பது தப்பென்றால் எனக்குச் சந்தோஷம்தான். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

கை நீட்டியதில்லையாமே! மாதாமாதம் சம்பளத்தில் சிண்டாவுக்கு (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) பிடிப்பதை அவர் பார்த்ததில்லையா? நம்மவர்கள் எல்லாரும் அப்படிப் போட்டு வைப்பது, முடியாத வீட்டுப் பிள்ளைக்கு உதவத்தான். கொடுக்கும்போது வராத வெட்கம் வாங்கும்போது மட்டும் எதற்கு? பிள்ளை வயிற்றைக் காயப்போட்டுக் காப்பாற்றும் மானத்தை நான் மானத்தில் சேர்ப்பதில்லை. நீங்களும் அவர் கோபத்தைச் சாக்கு வைத்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டீர்கள்.

பையன் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால், கல்வி அமைச்சின் இந்த உதவியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு வாரம் 7 வேளைச் சாப்பாடு. பாடநூல், சீருடையும் இலவசம். நாலு பேருக்குத் தெரியுமே என்ற பயம் வேண்டாம். பல பள்ளிகளில் சாப்பாட்டுக் காசு மாணவர் அட்டையிலேயே ஏறிவிடும்.

படிவம் புரியாவிட்டால் அப்படியே பள்ளி அலுவலகத்துக்கு எடுத்துப் போய், என்னென்ன தாள் வேண்டும் என்று கேளுங்கள். பீட்டி ரோட்டில் சிண்டா இருக்கிறது, அங்கேயும் போய்ப் பேசலாம். சாப்பாட்டுச் செலவுக்கே திண்டாட்டம் என்றால் சமூகச் சேவை அலுவலகம்; அரசாங்க உதவித் திட்டமான காம்கேரின் எண் 1800-222-0000. அப்புறமும் கணவர் பிடிவாதம் பிடித்தால் வகுப்பாசிரியரிடம் லைப்ரரி விஷயத்தைச் சொல்லி, கணவருக்குப் பள்ளியிலிருந்தே போன் போடச் சொல்லுங்கள்.