பண்ருட்டி முந்திரி: பெயரும் பொட்டலமும்

பண்ருட்டியில் 25 ஆண்டுகளாக முந்திரி உடைத்துத் தரம் பிரித்து விற்றுவரும் ஒருவர், கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பண்ருட்டி முந்திரிக்குப் புவிசார் குறியீடுதான் (ஊர்ப் பெயரை அந்த ஊர்ப் பொருளுக்கே உரியதாகக் காக்கும் பதிவு) கிடைத்துவிட்டதே, இனி என் பொட்டலத்தில் அதை அச்சிடலாமா?

பதில்: முதலில் பதிவு செய்யுங்கள். 2025இல் கிடைத்த குறியீட்டைப் பொட்டலத்தில் போட விரும்பும் ஒவ்வொரு உற்பத்தியாளரும், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தம்மைத் தனியே பதிந்துகொள்ள வேண்டும். நான் எப்போதும் சொல்வதை இங்கும் சொல்கிறேன்: ஊர்ப் பெயர் ஊருக்கே சொத்து, அதை யாரும் யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது, உங்கள் கடைப் பெயருக்கு வணிகச் சின்னம் தனியாக வாங்க வேண்டும்.

கேள்வி (முத்தியால்பேட்டை): பொட்டலத்தில் 240, 320 என்று போட்டிருப்பது என்ன?

பதில்: ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 454 கிராம் எடைக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். பாயசத்துக்கு உடைந்த பருப்பே போதும்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): உணவுப் பாதுகாப்பு உரிமம் எங்கே வாங்குவது?

பதில்: மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (காடாம்புலியூர்): ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டிலிருந்து வரும் கொட்டையை இங்கே உடைத்துப் ‘பண்ருட்டி முந்திரி’ என்று விற்கிறார்களே, இது நியாயமா?

பதில்: நம் கொட்டை பங்குனி முதல் வைகாசி வரை வந்து முடிந்துவிடும், அதை மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் ஆலை ஓட்ட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது தோப்புத் தோப்பாக மரங்கள் சாய்ந்தன. பதிலுக்கு வைத்த ஒட்டுக்கன்றுகள் காய்ப்புக்கு வர மூன்று நான்கு ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது கப்பலில் வந்த கொட்டையால்தான். ஆகவே இறக்குமதியை நான் குறை சொல்ல மாட்டேன். நம் செம்மண்ணில் விளைந்ததன் பெயரை அதன்மேல் ஒட்டுவதைத்தான் தவறு என்கிறேன்.

கேள்வி (புதுச்சேரி): 1999ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பதப்படுத்துவது மட்டும் அந்த ஊரில் நடந்தாலும் போதும் அல்லவா?

பதில்: சட்டத்தைப் படித்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. நீங்கள் சொல்லும் சட்ட வாசகம் தயாரிப்புப் பொருள்களுக்கு உரியது. முந்திரியை நான் விளைபொருளாகவே பார்க்கிறேன். பொருளின் தரமோ நற்பெயரோ அந்த நிலப்பகுதியால் வந்ததாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கேள்வி (புதுப்பேட்டை): ஐயா, உடைப்பதும் தோல் நீக்குவதும் எங்கள் வீட்டுப் பெண்கள். அந்தக் கைவேலைக்குப் பெயர் கிடையாதா?

பதில்: கட்டாயம் உண்டு, தம்பி. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுத் தோல் வெந்துபோகாமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு காலை முதல் உட்கார்ந்திருக்கும் அவர்களால்தான் முழுப் பருப்பு முழுதாக வெளியே வருகிறது. ‘பண்ருட்டியில் உடைத்தது’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள், அது உண்மை. ‘பண்ருட்டியில் விளைந்தது’ என்று மட்டும் போடாதீர்கள்.

கேள்வி (விருத்தாசலம்): உரிமம் பெற யாரை அணுக வேண்டும்?

பதில்: மஞ்சக்குப்பம் வாசகருக்குச் சொன்னதுதான். இதையே இன்னும் நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். முந்தைய பதில்களைத் தயவுசெய்து படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (லாஸ்பேட்டை): ஒரு கடையிலிருந்து பத்துக் கடைகளுக்கு வளர என்ன வழி?

பதில்: முந்திரிக்கொட்டை மாதிரி முந்தாதீர்கள். 2012 தீபாவளிக்குப் புதுச்சேரியில் ஆறு கடைகளுக்கு ஒரே வாரத்தில் சரக்கு அனுப்பினேன். ஐப்பசி மழை, பருப்பின் ஈரப்பதம் 5 விழுக்காட்டுக்கு இறங்கியதா என்று நான் அளக்கவில்லை. சில வாரம் கழித்து ஒரு கடைக்காரர் என் கண்ணெதிரே பொட்டலத்தைப் பிரித்து ஒரு பருப்பை ஒடித்தார். ‘டக்’கென்ற ஓசை வரவில்லை, வளைந்து, மெல்லப் பிய்ந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, பொட்டலங்களை என் பக்கம் நகர்த்தினார். அந்த ஆறு கடைகளில் மீண்டும் நுழைய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்றும் ஒவ்வொரு மூட்டையிலும் பத்துப் பருப்பை ஒடித்து ஓசையைக் கேட்ட பிறகே பொட்டலம் கட்டுகிறேன். இரண்டாவது கடை திறக்கும் முன் பெயருக்கு வணிகச் சின்னம் வாங்கிவிடுங்கள். இதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (பாலூர்): பலாச்சுளை சிப்ஸ் தொடங்கலாமா?

பதில்: பலா என் துறையன்று. உங்கள் ஊரிலேயே காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; பலா இரகங்களை வெளியிட்டவர்கள் அவர்கள், அங்கே கேளுங்கள்.