நிரபராதி தண்டிக்கப்படுவது, குற்றவாளி தப்பிப்பது: இரண்டில் எது பெரிய அநீதி?

நிரபராதி தண்டிக்கப்படுவதுதான். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லும் காரணம் போதாது.

"ஆயிரம் குற்றவாளிகள் தப்பிக்கலாம்" என்ற வசனத்தைச் சினிமா கோர்ட்டுகளில் கேட்டுச் சலித்திருப்போம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் சொன்ன கணக்கு 10க்கு 1. 1785இல் பெஞ்சமின் பிராங்க்ளின் அதை 100 ஆக்கினார், நாம் ஆயிரமாக்கிவிட்டோம். இப்படி ஏற்றிக்கொண்டே போனால், தப்பிப்பவர்களால் யாருக்கும் நஷ்டமில்லை என்றாகிவிடும். 1973இல் ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் இதைத்தான் கண்டித்தார்: குற்றவாளியை விடுவதும் நீதி தவறியதுதான். அதே ஆண்டு இன்னொரு கொலை வழக்கில் நீதிபதி எச்.ஆர்.கன்னா, தவறான விடுதலை நல்லதல்ல, தவறான தண்டனை அதைவிட மிக மோசம் என்றார். என் ஓட்டு கன்னாவுக்கு.

2003 ஜூனில் மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் ஒரே இரவில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். உயிர் பிழைத்த தாய், போலீஸ் காட்டிய ஆல்பத்தில் நான்கு பேரை அடையாளம் காட்டினார். அந்த நால்வர் மீது குற்றப்பத்திரிகையே போகவில்லை. சிக்கியது வேறு ஆறு பேர். 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019இல் அதே நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. சரி, அந்த நால்வர்? பதினாறு வருடம் கழித்து யாரை, எந்தத் தடயத்தை வைத்துத் தேடுவது?

ஆள் மாறிய வழக்குகளில் தவறான தண்டனைக்குள்ளேயே ஒரு தவறான விடுதலையும் இருக்கிறது. தீர்ப்பு வந்ததும் தேடல் நின்றுவிடும். (நடக்காத குற்றத்துக்குப் பொய் வழக்கு போட்டால் இந்த வாதம் பொருந்தாது. அங்கே தண்டனை மட்டுமே அநீதி.)

"அப்படியானால் சந்தேகத்தின் பலனைக் குறைக்கலாமே" என்பார்கள். ஆனால் வழக்குகள் பல நேரம் புலன் விசாரணையில்தான் கோட்டைவிடப்படுகின்றன. எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குத் தாமதமாகப் போகும். ரத்தக்கறைச் சட்டை சீல் இல்லாமல் ஸ்டேஷனில் கிடந்துவிட்டு ஆய்வகம் போகும். வழக்கு இழுத்தடித்து, நேரில் பார்த்தவர் பிறழ்சாட்சி ஆவார். நிரூபிக்கும் அளவுகோலைத் தளர்த்தினால் இதில் ஒன்றும் சரியாகாது, அரைகுறை விசாரணைக்கே தண்டனை கிடைக்கும்.

தவறான விடுதலைக்குச் சட்டத்தில் வழியும் இருக்கிறது. அரசு 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 2009 கடைசியிலிருந்து பாதிக்கப்பட்டவரே செய்யலாம். அதற்கு நீதிமன்றத்தின் முன்அனுமதி தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2002 குஜராத் கலவரக் கொலைகள் பற்றிய பெஸ்ட் பேக்கரி வழக்கில் வதோதரா நீதிமன்றம் 2003இல் 21 பேரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் மறுவிசாரணையை மும்பைக்கு மாற்ற, 2006இல் 9 பேருக்குத் தண்டனை கிடைத்தது. எல்லா வழக்குக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை, ஆனாலும் கதவு திறந்திருக்கிறது.

உள்ளே கழிந்த வருடங்களுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. தவறாக வழக்கில் மாட்டியவர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் வேண்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸிலும் அது வரவில்லை. காரணமின்றி ஒருவரைக் கைது செய்ய வைத்தால் தர வேண்டிய இழப்பீடு மட்டும் பழையபடியே இருக்கிறது: அதிகபட்சம் 1,000 ரூபாய்.