எண்டோஸ்கோபி நார்மல், ஆனா அம்மாவுக்கு வலி நிக்கல

தம்பி, அம்மாவுக்கு 52 வயசு, சுகர் இருக்கு, மூணு மாசமா அப்பப்போ ராத்திரில நெஞ்சுக்குழில வலி, ஈசிஜியும் எண்டோஸ்கோபியும் நார்மல், கேஸ் மாத்திரை போட்டும் கேக்கல, அடுத்து என்ன பண்றதுன்னு எழுதியிருக்கீங்க.

முதல்ல ஹார்ட். வலி இல்லாத நேரத்துல எடுத்த ஈசிஜி நார்மலா வர்றது சகஜம், அத வச்சு ஹார்ட்ல ஒண்ணுமில்லன்னு விட்றாதீங்க. இதயத்தோட அடிப்பக்கத்துக்கு ரத்தம் போறது அடைபட்டா சில பேருக்கு மேல் வயித்துலதான் வலிக்கும், சுகர் இருக்கறவங்களுக்கு வலியே இல்லாம வெறும் வியர்வை, மூச்சுவாங்கலோடகூட வரும். மாடி ஏறும்போது வருதா, நின்னா போயிடுதான்னு அம்மாகிட்ட கேளுங்க. ஆமான்னா இந்த வாரமே ஹார்ட் டாக்டர்.

ஆனா நீங்க போற போக்குல ஒண்ணு சொல்லியிருக்கீங்க, கடைசி ரெண்டு தடவையும் பிரியாணி, கல்யாண சாப்பாடு சாப்பிட்ட ராத்திரிதான் வந்துச்சு, வலது தோள்பட்டை எலும்புக்கு அடில போய் குத்துச்சு, ரெண்டு மணி நேரம் உக்காரவும் முடியாம படுக்கவும் முடியாம நடந்துட்டே இருந்தாங்கன்னு. எனக்கு இதக் கேட்டா பித்தப்பைக் கல் ஞாபகம்தான் வருது. எண்டோஸ்கோபில பித்தப்பை தெரியவே தெரியாது, உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலோட ஆரம்பம், அவ்ளோதான். அதுக்கு வயிறு அல்ட்ராசவுண்ட் எடுக்கணும், கூடவே லிவர் டெஸ்ட். 8 மணி நேரம் வெறும் வயிறு, பால் காபிகூட வேணாம், ஏன்னா சாப்பிட்டா பித்தப்பை சுருங்கிடும், கல் சரியா தெரியாது. காலைல முதல் ஆளா அப்பாயின்ட்மென்ட் வாங்குங்க, சுகர் மாத்திரைய அன்னிக்கு எப்போ போடறதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. சிடி ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரிஞ்சிடும்னு பலர் நினைக்கறாங்க, பல கல்லு அதுல தெரியாமப் போயிடும்.

ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லன்னா, அம்மாவ மல்லாக்கப் படுக்க வச்சு வலிக்கிற இடத்துல ஒரு விரலால லேசா அழுத்தி, தலைய மட்டும் தூக்கச் சொல்லுங்க. அப்போ வலி கூடுச்சுன்னா கோளாறு உள்ள இல்லாம வயித்துச் சதையிலயோ அங்க இருக்கற நரம்புலயோ இருக்க வாய்ப்பு அதிகம், இத டாக்டர்கிட்ட சொல்லுங்க.

ஒரு விஷயத்துல மட்டும் காத்திருக்காதீங்க. வலியோட வியர்த்துக் கொட்டுது, தாடை இல்ல கை இழுக்குது, மூச்சு வாங்குது, இல்ல 15 நிமிஷத்துல அடங்கலன்னா சோடா, ஓமத்தண்ணி குடுத்துட்டு விடியட்டும்னு இருக்காம 108க்கு போன் பண்ணுங்க. ஆஸ்பத்திரில ட்ரோபோனின்னு, ஹார்ட் தசை பாதிச்சிருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட் முதல் தடவை நார்மல்னாலும் சில மணி நேரம் கழிச்சு திரும்ப எடுப்பாங்க, அதுவரைக்கும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதீங்க. கண்ணு மஞ்சளாச்சு, குளிர் ஜுரம் வந்துச்சு, மலம் கறுப்பா போச்சுன்னாலும் அன்னிக்கே போயிடணும்.